பாகு வாசம்

துணி நனைந்திருந்தது. விரல்களுக்கு அது தெரிந்துவிட்டது. விரல்கள் நல்லவை, இன்னும் வேலை பார்க்கின்றன, ஈரம் என்றால் ஈரம் என்றும் வெதுவெதுப்பு என்றால் வெதுவெதுப்பு என்றும் ஒழுங்காகச் சொல்லிவிடுகின்றன. செண்பகவல்லி குழந்தையின் இடுப்புக்கு அடியிலிருந்து துணியை உருவி, நாலாக மடித்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். சுவரை மோந்து பார்த்தால் என்ன வருமோ அதுதான் வந்தது. கதவருகே சிஸ்டர் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தாள். "வாசம் இருக்கா மேடம்?" "இல்ல." சிஸ்டர் எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். இத்தோடு ஒன்பது தடவை இல்லை என்றாயிற்று. குழந்தை பிறந்து இது மூன்றாம் நாள், காலை பத்து மணி, ஒன்பது துணி, ஒன்பது இல்லை. ஒன்பதும் பொய். பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, அவளுக்கு நிஜமாகவே எந்த வாசமும் வரவில்லை. ஆனால் அவளுக்கு எதுவுமே வராது. டெட்டால் வராது, சாம்பார் வராது, மழைக்கு முன்னால் மண் வராது. மூன்று வருஷமாக அவளுடைய மூக்கு முகத்தில் சும்மா இருக்கிறது. அந்த அட்டையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை, அவளும் சொல்லவில்லை. வாசம் வருதான்னு நீங்கதான் பாக்கணும்மா, இங்க இருக்கற சிஸ்டருங்க யாரும் அந்த வாசத்த மோந்ததில்ல, உங்களுக்குத்தான் தெரியும், என்று டாக்டர் ஜெயசீலி முதல் நாளே கையைப் பிடித்துச் சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் செய்தாள், தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையை அப்புறம் எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் சென்னையிலிருந்து முடிவு வந்துவிடும் என்றிருந்தார்கள். குதிகாலில் குத்தி நாலு சொட்டு ரத்தம், கெட்டிக் காகிதத்தில் நாலு வட்டத்துக்குள், காயவைத்து அனுப்பியாயிற்று. மின்விசிறியின் காற்றில் அந்த நாலு சொட்டும் சிவப்பிலிருந்து பழுப்புக்கு மாறியதை அவள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு என்பதே பிடிக்கவில்லை. நாலில் ஒன்றுக்கு நோய் என்று டாக்டர் சொன்ன நாலு, கரும்பலகையில் அவளே எத்தனையோ தடவை போட்ட நாலு கட்டம், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, மூன்று கட்டம் பிழைக்கும், நாலாவது கட்டத்தில் குறுக்கே கோடு. கோவில்பட்டியில் பெண்கள் பள்ளியில் பதினொன்று பன்னிரண்டுக்கு உயிரியல் எடுக்கிறவள் அவள். மூன்று மார்க் கேள்வி அது. தப்பாமல் வரும், விட்டுவிடாதீர்கள் என்பாள். வயிற்றில் இருக்கும்போதே பார்த்துவிட முடியாதா என்று கேட்டதற்கு, முதல் பிள்ளையின் மரபணுவில் எந்த இடத்தில் கோளாறு என்று அப்போதே எடுத்து வைத்திருந்தால் முடியும், எடுத்து வைக்கவில்லையே என்றார்கள். எடுத்து வைக்க யாருக்குத் தோன்றியது. அந்தப் பிள்ளைக்கு என்ன என்று தெரிவதற்குள் பிள்ளையே இல்லை. பிறந்த பதின்மூன்றாம் நாள். பதினாறாம் நாள் பேர் வைப்பதாக இருந்தது. மூன்று நாள்தான் குறைச்சல்.

மார்பு கனத்தது. கட்டிப்போய்க் கல்லாகக் கிடந்தது, அந்தக் கனம் மட்டும் தெரிந்தது, வலி எங்கேயோ பக்கத்து அறையில் யாருக்கோ வலிப்பது மாதிரி இருந்தது. முடிவு வரும்வரை தாய்ப்பால் கூடாது. டப்பாவில் ஒரு மாவு, வெளியூரிலிருந்து வரவழைத்தது, கரண்டி கணக்காக வெந்நீரில் கரைத்து சங்கில் புகட்டுகிறார்கள். அதில் மற்றதெல்லாம் உண்டு, அந்த மூன்று அமினோ அமிலம் மட்டும் கிடையாது. அவள் பாலில் அந்த மூன்றும் உண்டு. எல்லாத் தாய்க்கும் உண்டு, அதுதானே பால். மூன்று மணிக்கொரு தரம் பீய்ச்சி எவர்சில்வர் தம்ளரில் பிடித்துத் தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். ஆயா லூர்தம்மா நேற்று அதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இம்புட்டுப் பாலையும் இப்படி ஊத்துறீங்களே டீச்சர், நாலாம் நம்பர் ரூம்ல ஒரு சொட்டு வரலன்னு அந்தப் புள்ள ஒப்பாரி வச்சுட்டுக் கெடக்கு, என்றாள். செண்பகவல்லி தம்ளரைக் கவிழ்த்தாள். வெள்ளையாக அது தொட்டியின் ஓட்டையைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போனது. முதல் பிள்ளைக்கு இதைத்தான் கொடுத்தாள். குடிக்கமாட்டேன் என்று அவன் வாயைத் திருப்பிக்கொண்டான், அவள் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுத்தாள். சோர்ந்திருக்கிறான், பால் போதவில்லை என்று நினைத்தாள். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். நன்றாகப் பால் ஊற முட்டை, மீன், கடலை எல்லாம் தின்னச் சொன்னார்கள், தின்றாள். தாடையைப் பிடித்த அந்த விரல்கள் இவைதான். நல்லவை என்று கொஞ்சம் முன்னால் நினைத்தோமே என்று அவள் விரல்களைப் பார்த்தாள். அவை போர்வையின் மேல் சும்மா கிடந்தன.

அந்த மூன்று. வகுப்பில் பிள்ளைகள் அதைச் சொல்லும்போதே சிரிப்பார்கள். வருஷா வருஷம் ஜூலை மாதம் அந்தப் பாடம் வரும், அவள் புத்தகத்தைத் திறக்கமாட்டாள், இருபது பேரை எழுப்பி முன்னால் நிற்கவைப்பாள். நடுவில் ஒரு கரி அணு, அதுதான் நீ, உன் உடம்பு. உனக்கு நாலு கை என்று வைத்துக்கொள். வலது கையில் அமினோ, இடது கையில் அமிலம், மூன்றாவது கையில் சும்மா ஒரு ஹைட்ரஜன், அது எல்லாருக்கும் பொது. நாலாவது கையில்தான் ஆளாளுக்கு ஒரு சாமான், அதை வைத்துத்தான் உனக்குப் பேர். கிளைசினுக்கு அந்தக் கையும் வெறுங்கை மாதிரிதான். சிஸ்டீன் கந்தகம் வைத்திருக்கிறாள். வாலின், லியூசின், ஐசோலியூசின் மூன்று பேர் கையிலும் கவட்டைக் கம்பு, கிளை பிரிந்தது, உண்டிகோல் செய்வோமே அந்த மாதிரி. லியூசினாக நிற்கிறவளை வகுப்பே லூசு என்று கூப்பிடும், அடுத்த வருஷம் பரீட்சை முடிகிறவரை அந்தப் பேர் அவளை விடாது. இப்போது கை கோருங்கள், இவள் அமிலக் கையை அவள் அமினோக் கை பிடிக்கணும். பிடிக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகும். அவள் பாட்டிலிலிருந்து விரலால் தண்ணீர் தெளிப்பாள், பிள்ளைகள் கீச்சிடுவார்கள், அடுத்த வகுப்பு கணக்கு சார் எட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு கைகோப்புக்கும் ஒரு சொட்டு. மறுபடி பிரிக்கவேண்டுமென்றால் அந்தச் சொட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், சும்மா பிரியாது. அப்புறம் சங்கிலி நீளமாக நின்றால் போதாது, மடங்கணும். பழைய டெலிபோன் வயர் மாதிரி சுருளும், இல்லையென்றால் சேலைக் கொசுவம் மாதிரி அடுக்கடுக்காக மடியும். அந்தச் சுருளும் கொசுவமும் சேர்ந்து தனக்கென்று ஒரு உருவமாக உட்காரும். அந்த உருவத்தில்தான் வேலையே. உருவம் கெட்டால் வேலை கெட்டது. முட்டையை அவித்தபிறகு யாராவது அதைப் பழையபடி ஆக்கமுடியுமா, என்று கேட்பாள். முடியாது டீச்சர் என்பார்கள், நாற்பது குரல், ஒரே ராகமாக. எட்டு வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்தாள். கவட்டைக்காரிகள் மூன்று பேரையும் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவாள். அவர்களை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரணும், முக்கியமானவர்கள், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்பாள். அடிக்கோடு போட்டார்கள். அவளும் சிவப்பு மையால் சரி போட்டாள். வேலை முடிந்தபிறகு அந்தக் கவட்டையை அறுத்து எரிக்க உடம்பில் ஒரே ஒரு கத்திதான் உண்டு என்றும், அந்தக் கத்தியும் இதே இருபது பேரைக் கோத்து மடித்ததுதான் என்றும், நானூறு மணி கோத்த சரத்தில் ஒரே ஒரு மணி மாறிப்போனால் கத்தி மழுங்கிப் பிறக்கும் என்றும் புத்தகத்தில் இல்லை. அறுபடாத கவட்டைகள் ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து மூளைக்கு ஏறும். மூத்திரத்தில் இறங்கும். இறங்கினால் மணக்கும்.

என்ன மணக்கும் என்பதில்தான் எல்லாம் போயிற்று. வேறு ஊராக இருந்தால் யாராவது மூக்கைச் சுளித்திருப்பார்கள். இது என்ன, பிள்ளைத் துணி காய்ச்சின வெல்லம் மாதிரி இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். அவளுடைய வீட்டில் யார் கேட்பது. அவளுடைய வீடு மிட்டாய்க்காரன் வீடு. பூவலிங்கம் கடலைமிட்டாய் போடுகிற இடத்தில் பாகு காய்ச்சுகிறவன், அவளுக்குத் தாய்மாமன், அம்மாவின் கடைசித் தம்பி, அவள் சடங்கான அன்றைக்கே இவளுக்கு இவன்தான் என்று ஆகிப்போனது. வெல்லம் உருகிப் பொங்கி அடங்கிப் பொன்னாகத் திரும்புகிற நேரத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து ஒடிப்பான், டக்கென்று முறிந்தால் பதம், இழுத்தால் இல்லை. அவன் லுங்கியில் பாகு, தலைமுடியில் பாகு, தலையணையில் பாகு. கல்யாணமான புதிதில் அவளுக்கு அந்த வாசத்தில் தலை சுற்றும், அப்புறம் அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஆனது. அந்த வீட்டில்தான் அந்தப் பிள்ளை பிறந்து நாலாம் நாள் மணக்க ஆரம்பித்தான். அம்மாவின் அக்கா, பெரியம்மாதான் முதலில் சொன்னாள். ஏ, இங்க வந்து பாருங்களேன், மிட்டாய்க்காரன் பெத்த பிள்ளை மிட்டாயாட்டமே மணக்கான், அப்பன் தொழில இப்பமே கத்துக்கிட்டுத்தான் வந்திருக்கான், என்றாள். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் குனிந்து மோந்தார்கள். ஆமாடி என்றார்கள். ஒருத்தி கடலை போட்டுத் தட்டிரலாமா என்றாள். வீடே சிரித்தது. பூவலிங்கம் தூணில் சாய்ந்து நின்று சிரித்தான். கோவில்பட்டியில் பார்த்த டாக்டரம்மாவுக்குக் கூட அவன் என்ன வேலை செய்கிறான் என்று தெரியும், அவரும் சிரித்தார். செண்பகவல்லியும் சிரித்தாள். சிரித்ததோடு விடவில்லை. யாரும் இல்லாதபோது பிள்ளையின் ஈரத்துணியைத் துவைக்கப் போடாமல் முகத்தில் வைத்துக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு அந்த வாசம் பிடித்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை, மாமாவிடம் இல்லவே இல்லை. பிள்ளை செத்துக்கொண்டிருந்த வாசம் அது. அவளுக்குப் பிடித்திருந்தது.

மூக்கு அன்றைக்குத்தான் நின்றது, முடிவு வந்த அன்றைக்கு. பிள்ளையை அடக்கம் பண்ணி ஒன்பது நாள் கழித்து மதுரையில் இதே டாக்டர் ஜெயசீலி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நோயின் பேரைச் சொன்னார், தமிழில் சொல்லணும்னா சர்க்கரைப் பாகு மூத்திர நோய்னு சொல்லலாம்மா, என்றார். வாசத்தைப் பேரிலேயே வைத்திருக்கிறார்கள். எந்த ஊரிலோ எந்தத் தாயோ மோந்து பார்த்து, சிரிக்காமல், யாரிடமோ போய்ச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மல்லிகைப் பந்து மடியில் வைத்திருந்தாள், டிரைவர் டீசல் அடித்தார், சாத்தூரில் யாரோ காராச்சேவுப் பொட்டலம் பிரித்தார்கள், ஒன்றும் இவளிடம் வந்து சேரவில்லை. ஜன்னலைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தாள், ஒரு மாதம் நினைத்தாள், அப்புறம் நினைப்பதை விட்டுவிட்டாள். சமையலில் உப்பு மட்டும் தெரிந்தது, புளிப்பு மட்டும் தெரிந்தது. பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டில்தான் முதலில் சத்தம் கொடுப்பார்கள். அவளுடைய கண்ணிலிருந்தும் எதுவும் வரவில்லை, அதைப் பார்த்து ஊரார் கல்நெஞ்சுக்காரி என்றது காதில் விழுந்தது, காது நன்றாக இருந்தது. தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு இந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. முந்தாநாள் சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டுவிட்டு மயக்க மருந்து டாக்டர் வயிற்றில் எதனாலோ குத்தி, தெரியுதாம்மா என்று கேட்டார். தெரியல என்றாள். இங்க? தெரியல. இங்க? தெரியல. வெரி குட் என்றார். அப்போதே மூக்கையும் சொல்லியிருக்கலாம், டாக்டர், இதுவும் தெரியல என்று. வெரி குட் என்றிருப்பார்.

பதினொன்றரை. குழந்தை கால்களை உதைத்தாள். இந்தத் தடவை பெண். இடது கால், வலது கால், மறுபடி இடது. செண்பகவல்லி உதைப்பை எண்ணாமல் பார்க்க முயன்றாள். அவனும் இப்படித்தான், சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதித்துக்கொண்டிருந்தான், பாரேன் இப்பவே வண்டி ஓட்டுறான் என்று அதற்கும் சிரித்தார்கள், அதுவும் நோயின் அறிகுறி வரிசையில் இருந்தது, நாலாவது வரி. இது அதுவா, சும்மா பிள்ளைகள் உதைப்பதா. ஐந்தாம் நாள்தான் அவனுக்கு மிதிப்பு வந்தது, இது மூன்றாம் நாள், ஆனால் இவளுக்கு மாவு கொடுக்கிறோம், மாவு கொடுத்தால் முன்னால் வருமா பின்னால் வருமா. கால் நின்றுவிட்டது. நின்றால் சோர்வா, தூக்கமா. குட்டி மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை, பேபி ஆஃப் செண்பகவல்லி. அவனுக்கும் அதே பேர்தான். அவனுடைய ரத்தக் காகிதத்திலும் அதே பேர்தான் எழுதியிருந்தது, பேர் வைக்கவில்லையே. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே சென்னை, ஒரே பேர். அங்கே கம்ப்யூட்டரில் தட்டினால் இரண்டு பேர் வருவார்கள், ஒருவன் செத்தவன். யாரோ அவசரத்தில் மேலே இருப்பதை எடுத்துப் படித்துவிட்டால். இல்லை, கீழே இருப்பதை. எது நல்லது என்று பிடிபடாமல் அந்த இடத்திலேயே மனசு மாட்டிக்கொண்டு நின்றது, பாவாடை நாடா கதவுக் கொண்டியில் மாட்டிக்கொண்ட மாதிரி, இழுத்தும் வரவில்லை. டாக்டர் வம்சப் படம் போட்டபோது வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவில் இரண்டு கோடு இழுத்தார். சொந்தத்துக்குள் கட்டினால் இரட்டைக் கோடு, அவளும் வகுப்பில் அப்படித்தான் இழுப்பாள். ஒரு வருஷம் முன் பெஞ்சு வேலுத்தாய் எழுந்து, டீச்சர், நீங்களும் உங்க மாமாவத்தான கட்டியிருக்கீங்க, உங்களுக்கும் ரெட்டைக் கோடா, என்று கேட்டாள். ஆமாடி, ரெட்டைக் கோடு போட்ட நோட்டுல எழுத்து அழகா வரும்ல, என்று சமாளித்தாள். பெரிய கெட்டிக்காரி என்று தன்னையே நினைத்துக்கொண்டாள்.

பூவலிங்கம் வெளியே மாடிப்படித் திருப்பத்தில் நிற்கிறான். அவளுக்கு நாலாம் மாதம் ஆனதும் அவன் அடுப்பை விட்டு இறங்கிவிட்டான். பாக்கெட் ஒட்டுகிற பக்கம் போனான், ஏழாம் மாதம் அதையும் விட்டான், பழைய லுங்கிகளையெல்லாம் எரித்தான், வீட்டில் வெல்லக்கட்டி ஒன்று கிடையாது. மூன்று நாளாக வந்து வந்து பார்க்கிறான், குளித்துவிட்டு, புது வேட்டியில். ஜன்னல் பக்கமே நிற்கிறான், குனிந்து பிள்ளையைத் தொடுவதில்லை, கிட்டே வந்தால் தன் உடம்பிலிருந்து ஏதாவது ஒட்டிவிடும் என்கிற மாதிரி. அவனைக் கூப்பிட்டு இந்தத் துணியை மோந்து பாருங்க மாமா என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது தடவை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் புள்ள, ஒனக்கென்ன ஆச்சு என்பான். அதற்குப் பதில் சொன்னால் எப்ப இருந்து என்பான். எப்ப இருந்து என்பதற்குப் பதில் சொல்லும்போது அந்த ஈரத்துணி வந்துவிடும், அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டு கிடந்தது வந்துவிடும். அதனால்தான் அட்டையில் ஒன்பது தடவை இல்லை என்று ஏறியிருந்தது. ஒருவேளை இந்நேரம் இந்த அறையே பாகாக மணந்துகொண்டிருக்கலாம். சுவர், திரை, தலையணை எல்லாம். அவள் நடுவில் உட்கார்ந்து இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். வெளியே தண்ணீர் மோட்டார் ஓடியது, நின்றது. யாரோ பால் பாக்கெட்டைக் கீழே போட்டு யாரோ திட்டினார்கள்.

டாக்டர் ஜெயசீலி கதவைத் தட்டாமல் வந்தார். கையில் போன், மூக்குக்கண்ணாடி தலைமேல். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், நல்ல சேதியென்றால் உட்காருவாரா நிற்பாரா என்று செண்பகவல்லி யோசித்தாள், போன தடவை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், அது கணக்கில் வராது. வந்துருச்சும்மா, மூணும் அளவாத்தான் இருக்கு, லியூசின் வாலின் எல்லாம் சரியா இருக்கு, பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, என்றார். செண்பகவல்லி அந்தச் சொற்கள் வருவதைப் பார்த்தாள், மேசை மேல் ஒவ்வொன்றாக யாரோ சாமான் இறக்கி வைப்பது மாதிரி இருந்தது. "தேதி பாத்தீங்களா டாக்டர்?" "என்னம்மா?" "ரிப்போர்ட்ல தேதி. அவனுக்கும் இதே பேர்தான்." டாக்டர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு போனை அவள் பக்கம் திருப்பினார். நேற்றைய தேதி. பெண் என்று போட்டிருந்தது. பெண் என்பதை அவள் இரண்டு தடவை படித்தாள். இன்னைக்கே பால் குடுங்க, இனி டப்பா வேண்டாம், என்று தோளைத் தட்டிவிட்டு டாக்டர் போனார். சந்தோஷம் வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குக் காத்திருப்பது மாதிரி நின்று பார்த்தாள். வரவில்லை. சரி, மாடிப்படியில் ஏறி வரட்டும் என்று குழந்தையைத் தூக்கி மார்பில் வைத்தாள். குழந்தை வாயைத் திருப்பவில்லை. தாடையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பிடித்துக்கொண்டது, இழுத்தது, அந்தக் கல் எங்கேயோ ஒரு ஓரத்தில் சுரீர் என்றது, முதல் முறையாக வலித்தது, பக்கத்து அறையில் யாருக்கோ இல்லை, அவளுக்கே.

பூவலிங்கம் உள்ளே வந்திருந்தான். டாக்டர் படியிலேயே சொல்லியிருக்க வேண்டும். வழக்கம்போல ஜன்னலோரம் போய் நின்றான். வேட்டி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். கேட்டியா என்றான், கேட்டேன் என்றாள், அதற்கப்புறம் மோட்டார் இன்னொரு தடவை ஓடி நின்றது.

"மாமா, எனக்கு வாசம் தெரியாது."

அவன் திரும்பினான்.

"மூணு வருசமா தெரியாது. துணி ஒவ்வொண்ணுக்கும் இல்ல இல்லன்னு நான் சும்மா சொன்னேன்."

ஏன், எப்ப இருந்து என்று அவன் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துப் பார்த்தான், பதம் பார்த்துப் பார்த்து நுனி தீய்ந்த விரல்கள்.

"பாகு சட்டி முன்னால பதினெட்டு வருசம் நின்னவனுக்குப் பாகு வாசம் தெரியும்னு நெனச்சியா? மொத வருசத்தோட போச்சு புள்ள. நான் கையால பாப்பேன், காதால பாப்பேன், மூக்கால பாத்தே கெடையாது. அன்னைக்கு எல்லாரும் மோந்து மோந்து சிரிச்சாங்கள்ல, நானும் குனிஞ்சு மோந்தேன். எனக்கு ஒண்ணுமே வரல. பெத்தவனுக்குப் பிள்ளை வாசம் தெரியலன்னு எப்படிச் சொல்ல. ஆமாம்னு சிரிச்சிட்டேன்."

அவன் தூணில் சாய்ந்து நின்று சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருஷமாக அந்தச் சிரிப்பை அவள் ஒரு மாதிரியாகவே வைத்திருந்தாள், இப்போது அதைத் திருப்பி மறுபக்கம் பார்த்தாள். அப்படியென்றால் அந்தப் பிள்ளையின் வாசம் அவனிடம் இல்லை. ஒரு தடவைகூட இருந்ததில்லை. சிரித்துப் போனவர்கள் மறந்திருப்பார்கள். இந்த உலகத்தில் அது அவள் ஒருத்தியிடம்தான் இருந்திருக்கிறது, அவளும் அதைப் பூட்டி வைத்துவிட்டாள்.

"நல்லா இருந்துச்சு மாமா," என்றாள். "அவன் வாசம். அவ்வளவு நல்லா இருந்துச்சு. நான் துணிய முகத்துல வச்சுக்கிட்டே படுத்திருப்பேன்."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு ஜன்னலை விட்டு வந்து, கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாளில் முதல் முறையாகக் குழந்தையின் பாதத்தைத் தொட்டான். அது விரல்களை விரித்து மூடியது.

லூர்தம்மா வாளியோடு வந்தாள். சேதி அவளுக்கும் போயிருந்தது, ஆரோக்கிய மாதா கண்ணத் தொறந்துட்டா, இனிமே அந்தத் தொட்டிக்குப் பால் கெடையாது, என்று சொல்லிக்கொண்டே குனிந்து ஈரத்துணியை எடுத்தாள். டாக்டர் வருவதற்கு முன்னால் மாற்றியது, பத்தாவது. செண்பகவல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"லூர்தம்மா, அத மோந்து பாருங்களேன்."

"என்னத்த?"

"துணிய."

லூர்தம்மா அவளைப் பார்த்தாள், பூவலிங்கத்தைப் பார்த்தாள், இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருசமா இந்தத் துணிய அலசிட்டுக் கெடக்கேன், மோந்து பாக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான் டீச்சர், படிச்சவுகளுக்கு என்னெல்லாம் தோணுது, என்று முனகிவிட்டு மூக்கருகே கொண்டுபோனாள். உடனே முகத்தைத் திருப்பினாள்.

"மூத்திர வாசந்தான். பின்ன, சந்தனமா மணக்கும்?"

"வேற ஒண்ணும் இல்லையா? இனிப்பா?"

"இனிப்பாவா. நல்லாருக்கே. கமறுது தாயே."

"இன்னொரு தடவ பாருங்க," என்றான் பூவலிங்கம்.

லூர்தம்மா வாளியைக் கீழே வைத்தாள். என்ன நினைத்தாளோ, இந்தத் தடவை கேலி பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் நிற்பது மாதிரி நின்று, மெதுவாக இழுத்தாள். மூத்திரந்தான், என்றாள். அப்புறம் தானாகவே குனிந்து குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். "இங்கன ஒங்க பால் வாசம் அடிக்க ஆரம்பிச்சிருச்சு," என்றாள். செண்பகவல்லி குழந்தையின் உச்சியில் தன் மூக்கை வைத்தாள். வெதுவெதுப்பு இருந்தது. மெத்தென்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, வராவிட்டால் போகிறது என்று வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள். மார்பில் இழுப்பு நிற்கவில்லை. அவன் கை இன்னும் அந்தப் பாதத்தில் இருந்தது.

சிஸ்டர் கதவருகே வந்து நின்றாள். அட்டையைப் புரட்டினாள், பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள், நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"வாசம் இருக்கா மேடம்?"

"இருக்கு," என்றாள் செண்பகவல்லி.

சிஸ்டரின் பேனா நின்றுவிட்டது.

"மூத்திர வாசம்," என்றாள் லூர்தம்மா. "எழுதிக்க."